இருட்டியதும் அணையும் பின்பக்கக் கேமரா, காணாமல் போன கதவு சென்சார்: எங்கிருந்து தேடுவது?

திண்ணைவிளக்கு | திங்கள், இரவு 9.40

வணக்கம். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீட்டில் நான்கு வைஃபை கேமராக்களும் ஐந்து ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் கம்பியில்லாத் தொடர்பு முறை) கதவு சென்சார்களும் பொருத்தியிருக்கிறோம். இரண்டு ஆண்டுகள் குறை சொல்ல முடியாதபடி ஓடின. ஒரு மாதமாகப் பின்பக்கக் கேமரா இரவானால் ஆஃப்லைன் ஆகிவிடுகிறது. காலையில் பார்த்தால் தானாகவே வந்து நிற்கிறது. பின்கதவு சென்சார் இரண்டு வாரமாக ‘தொடர்பில் இல்லை’ என்றே காட்டுகிறது. புது பேட்டரி போட்டும் பயனில்லை.

போன வாரம் அம்மா தொலைபேசியில், “பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்டது” என்றார். செயலியைத் திறந்தேன், கறுப்புத் திரை. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு அந்தத் திரையைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. விடுப்பு எடுத்து வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும், அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். ரூட்டரை மூன்று முறை ரீசெட் செய்தேன். கேமராவைச் செயலியிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கீழைக்காற்று | திங்கள், இரவு 10.05

முதலில் வைஃபையைப் பாருங்கள். வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். ரூட்டரில் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில கேமராக்கள் குழம்பும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். அந்த மூன்றுதான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கேமராக்கள் சேராது, டபிள்யூபிஏ2-வும் கலந்த முறையில் வையுங்கள்.

ரூட்டரைத் தினமும் அதிகாலை 3 மணிக்குத் தானாக மறுதொடக்கம் செய்யும்படி அமைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். தொல்லையே இல்லை.

செப்புக்கம்பி | திங்கள், இரவு 10.30

திண்ணைவிளக்கு, தயவுசெய்து இன்றிரவு எதையும் ரீசெட் செய்யாதீர்கள். ஒவ்வொரு ரீசெட்டும் தடயத்தை அழித்துவிடுகிறது. மூன்று முறை செய்துவிட்டீர்கள். மூன்று முறையும் நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய செய்தி போய்விட்டது.

எனக்கு ஒரே ஒரு விவரம் வேண்டும். கேமரா எத்தனை மணிக்குப் போகிறது, எத்தனை மணிக்கு வருகிறது? ‘இரவில்’ என்று சொன்னால் போதாது. செயலியின் அறிவிப்புப் பட்டியலில் நேரம் பதிவாகியிருக்கும். ஒரு வாரத்துக்கானதை அப்படியே எழுதுங்கள். கேமராவின் அமைப்புப் பக்கத்தில் வைஃபை சிக்னல் எத்தனை டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) என்று காட்டினால் அதையும் சொல்லுங்கள்.

நான் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஆஃப்லைன் ஆகும் கருவி வாய் திறந்து சொல்லும் ஒரே விஷயம், அது போன நேரம்தான். சரியாக ஒரு நாளுக்கு ஒரு முறை என்றால் ஐபி முகவரிக் குத்தகையை, அதாவது ரூட்டர் கொடுத்த முகவரியின் காலக்கெடுவைச் சந்தேகிப்பேன். சமையல் நேரத்தில் மட்டும் என்றால் மைக்ரோவேவ் அடுப்பு. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் இயங்குகிறது. மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் என்றால் ரூட்டருக்கு முன்னால் கேமரா விழித்துக்கொண்டது. மழை பெய்த மறுநாள் என்றால் இணைப்பில் ஈரம். நேரம் தெரியாமல் நான் எதைச் சொன்னாலும் அது குருட்டு ஊகம்.

திண்ணைவிளக்கு | திங்கள், இரவு 11.10

பார்த்தேன். போன ஏழு நாட்களில் அணைந்த நேரங்கள்: மாலை 6.34, 6.36, 6.33, 6.35, 5.52, 6.34, 6.35. திரும்பி வருவது காலை 6 மணியை ஒட்டி. அந்த 5.52 மட்டும் ஏன் என்று யோசித்தேன். அன்று மாலை நன்றாக மேகம் மூடியிருந்தது என்கிறார் அப்பா. சிக்னல் −58.

அலைமேடு | திங்கள், இரவு 11.18

−58 நல்ல சிக்னல். காணொளிக்கு −67 வரை தாராளமாகப் போதும், −75-க்குக் கீழே போனால்தான் திணறும். வைஃபையைக் குறை சொல்ல இடமில்லை. அந்த 5.52 எனக்கே சிலிர்க்கிறது. செப்புக்கம்பி சொல்லட்டும்.

செப்புக்கம்பி | திங்கள், இரவு 11.45

மேகம் மூடிய அன்று சீக்கிரம் போயிருக்கிறது என்றால், கேமரா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைப் பார்க்கிறது. வெளிச்சம் குறைந்ததும் கேமராவுக்குள் நடப்பது ஒன்றுதான்: இருட்டில் படம் பிடிக்க உதவும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். அப்போது அது இழுக்கும் மின்சாரம் பகலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகும். அந்தச் சுமையை உங்கள் மின்கம்பி தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் கேமராவுக்கு மின்சாரம் எப்படிப் போகிறது? அடாப்டர் வீட்டுக்குள்ளா, கேமரா பக்கத்திலா? கம்பி எவ்வளவு நீளம், எப்படிப்பட்டது?

திண்ணைவிளக்கு | செவ்வாய், காலை 8.15

அடாப்டர் கூடத்தில், ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 12 வோல்ட், 1 ஆம்பியர். அங்கிருந்து நெட்வொர்க் கேபிள் ஒன்றை இழுத்து, அதன் எட்டுக் கம்பிகளில் இரண்டை மட்டும் மின்சாரத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நூல் பிடித்து அளந்தேன், ஏறக்குறைய 30 மீட்டர்.

செப்புக்கம்பி | செவ்வாய், காலை 8.50

கணக்குப் போடுவோம். நெட்வொர்க் கேபிளின் கம்பி மிக மெல்லியது. நல்ல செம்பாக இருந்தாலே மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம் தடை. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 60 மீட்டர், 5 ஓம். பகலில் கேமரா 0.25 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 1.25 வோல்ட் போய்விடும். பரவாயில்லை, தாங்கும். இரவில் 0.6 என்றால் 3 வோல்ட் போகும். கேமராவுக்குள் இருக்கும் மின்மாற்றுச் சுற்று, வோல்ட் குறையக் குறைய இன்னும் அதிக ஆம்பியரை இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். அதனால் இழப்பு மேலும் கூடும். ஒரு கட்டத்தில் கேமரா மயங்கி விழும்.

இருட்டும் வரை காத்திருக்க வேண்டாம். நண்பகலில் மல்டிமீட்டரைக் கேமரா முனையில் வைத்துக்கொண்டு, முன்பக்கத்தைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். கேமரா இரவென்று நம்பிவிடும். எண் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்.

பழையசாவி | செவ்வாய், காலை 11.20

எனக்கும் இதே போல ஆனது. உற்பத்தியாளரின் சேவையகம் வழியாகப் போவதால்தான் அடிக்கடி ஆஃப்லைன் என்று வரும். ரூட்டரில் கேமராவுக்குப் போர்ட் (வெளி இணையத்திலிருந்து நேராக உள்ளே வரும் வழி) திறந்துவிட்டு நேரடியாகப் பாருங்கள், எந்தச் சேவையகமும் வேண்டாம்.

அலைமேடு | செவ்வாய், காலை 11.35

பழையசாவி, உங்கள் எண்ணம் புரிகிறது. ஆனால் இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அது பெரிய வித்தை எதையும் செய்யவில்லை. இணையத்துக்குத் திறந்து கிடந்த கருவிகளில் தொழிற்சாலைக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற, இணையதளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித்தரும் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில், பெரிய இணையதளங்கள் பலவும் மணிக்கணக்கில் எட்டாமல் போயின. நினைவகத்தில் மட்டும் தங்கும் தீநிரல் என்பதால் கருவியை அணைத்துப் போட்டால் போய்விடும். கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால் சில நிமிடங்களிலேயே திரும்பி வரும். அப்பா அம்மா இருக்கும் வீட்டின் உட்புறத்தை உலகத்துக்குத் திறந்துவைக்கும் காரியம் இது. வெளியிலிருந்து பார்க்க விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையும் மறையாக்கப்பட்ட தனி வழி) இருக்கிறது. ரூட்டரில் யூபிஎன்பி என்ற வசதி இயங்கினால் அதையும் நிறுத்துங்கள், கேமரா தானாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள அது வழிவிடும்.

கேமரா உண்மையிலேயே செத்துவிட்டதா, சேவையகத் தொடர்பு மட்டும் அறுந்ததா என்று அறிய, வீட்டு வைஃபையில் இருந்தபடியே அதன் ஐபி முகவரிக்குப் பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்புங்கள். பதில் வந்தால் கேமரா உயிரோடு இருக்கிறது. எஸ்டி கார்டு போட்டிருந்தால் பெரும்பாலும் பதிவும் ஓடிக்கொண்டிருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் (சேவையகம் உண்மையானதா என்று கருவி சரிபார்க்க உதவுவது) காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல அன்று சேவையகங்களோடு பேச முடியாமல் நின்றன. கருவியில் பழுதே இல்லை.

பழையசாவி | செவ்வாய், காலை 11.52

இவ்வளவு யோசித்ததில்லை. என் வீட்டில் திறந்திருந்த போர்ட்டை இப்போதுதான் மூடினேன். கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். நன்றி.

திண்ணைவிளக்கு | செவ்வாய், பிற்பகல் 1.30

செய்தேன். அடாப்டர் முனையில் 12.1. ஏணி மேல் ஏறிக் கேமரா முனையில் வைத்தேன், 10.5. அம்மாவின் பழைய கறுப்புத் தாவணியை நான்காக மடித்துக் கண்ணாடி முகப்பை மூடினேன். நான்கைந்து நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். துணியின் ஓரத்தை மயிரிழை தூக்கிப் பார்த்தால் விளக்குகள் மங்கலான சிவப்பில் எரிகின்றன. மீட்டரில் 10.5 சட்டென்று 8.9 ஆனது, 8.4, 8.2. அந்த நொடியே சிவப்பு அணைந்தது, எண் 12-க்கு எகிறியது. முக்கால் நிமிடம் கழித்துக் கேமரா மறுபடி எழுந்தது, ‘டிக்’, மறுபடி விழுந்தது. இப்படி நான்கு முறை. இரவு முழுவதும் அது இப்படித்தான் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அதற்கு ரூட்டரை ரீசெட் செய்துகொண்டிருந்தேன்.

ஏணியிலிருந்து இறங்கவே மனமில்லை. காரணம் கண்ணுக்கு முன்னால் தெரிந்ததே போதும் என்று இருந்தது.

செப்புக்கம்பி | செவ்வாய், பிற்பகல் 2.10

அருமை. அந்த ‘டிக்’ சத்தம், வில்லைக்கும் உணர்விக்கும் நடுவில் இருக்கும் அகச்சிவப்பு வடிகட்டி விலகும் சத்தம்.

தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. எட்டுக் கம்பிகளில் ஆறு சும்மா கிடக்கின்றன. நான்கை ஒன்றாகச் சேர்த்து நேர்மின்னுக்கும், நான்கை எதிர்மின்னுக்கும் கொடுங்கள். ஒவ்வொரு சோடியிலும் நிறம் படிந்த கம்பி நேர்மின், வெள்ளைக் கோடிட்டது எதிர்மின் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இணைக்கும் முன் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். தடை கால்பங்காகிவிடும், 1.26 ஓம். இரவுச் சுமையில் கேமரா முனையில் 11.3 வர வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கேபிள் இழுப்பவர்கள் பிஓஇ கேமராவை (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் பெறுவது) வாங்குவதே நல்லது. 2003-இல் வந்த முதல் பிஓஇ தரத்திலேயே அனுப்பும் முனையிலிருந்து ஒரு கேபிளுக்கு 15.4 வாட் வரை கொடுக்கலாம். 48 வோல்ட்டை ஒட்டி அனுப்புவதால் அதே வேலைக்குக் கால்பங்கு ஆம்பியர் போதும், 100 மீட்டர் வரை கவலை இல்லை. ஆனால் கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுப் பூசிய கேபிளுக்குத் தடை ஒன்றரை மடங்கு. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும்.

கீழைக்காற்று | செவ்வாய், மாலை 4.00

நான் வைஃபை என்று சொன்னது தவறாகிவிட்டது. ஆனாலும் அதிகாலை மறுதொடக்கத்தில் என்ன தவறு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என் வீட்டில் அது உண்மையாகவே பலன் தருகிறது.

செப்புக்கம்பி | செவ்வாய், மாலை 4.40

பலன் தருவதை மறுக்கவில்லை. சில ரூட்டர்கள் நாள்போக்கில் நினைவகம் நிரம்பித் தடுமாறும், மறுதொடக்கம் அதைத் தெளியவைக்கும். என் மனக்குறை வேறு. ரூட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம், கேமராக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர இன்னும் சில நிமிடம். தினமும் ஒரே நேரத்தில், எல்லோரும் ஆழ்ந்து தூங்கும்போது, வீடு கண்ணை மூடிக்கொள்கிறது. புது ரூட்டர் வாங்கும் வரை என்றால் செய்யுங்கள், மாதத்துக்கு ஒரு நாள் நேரத்தை மாற்றுங்கள். நிரந்தர மருந்தாக வைக்காதீர்கள். மருந்து இருப்பதால் நோயை யாரும் தேடாமல் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெண்தாழை | செவ்வாய், இரவு 8.20

நேரத்தைக் குறித்துவைப்பது பற்றிச் சொன்னதால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். முன்வாசல் கேமரா வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய்விடும், அதுவும் வேலை நாட்களில் மட்டும். பட்டியல் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் அச்சுப்பொறியை ஆன் செய்யும் நாட்கள் அவை. அச்சுப்பொறிக்கு நான் கையால் கொடுத்திருந்த நிலையான ஐபி முகவரியையே ரூட்டர் கேமராவுக்கும் கொடுத்திருந்தது. ரூட்டரில் ஒவ்வொரு கேமராவின் மேக் முகவரிக்கும் (கருவியோடு வரும் அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கிவைத்தேன். அன்றோடு சரி.

அலைமேடு | செவ்வாய், இரவு 8.45

நல்ல எடுத்துக்காட்டு. மின்வெட்டுக்குப் பிறகு வராத கேமராவின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் எழும் முன்பே அது முகவரி கேட்டு, பதில் கிடைக்காமல் தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரூட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தால் அந்தச் சிக்கலே எழாது.

திண்ணைவிளக்கு, இனி உங்கள் கதவு சென்சாருக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்பு வீட்டில் ஏதாவது பிளக்கை இடம் மாற்றினீர்களா? ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்ப், எதுவானாலும்.

திண்ணைவிளக்கு | செவ்வாய், இரவு 9.30

அப்பாவிடம் கேட்டேன். சமையலறை நடையில் விளக்குக்காக மாட்டியிருந்த ஸ்மார்ட் பிளக்கை, “சும்மாதானே கிடக்கிறது” என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாராம். எப்போது என்றால், அத்தை வந்து போன மறுநாள். அது இரண்டு வாரத்துக்கு முன்புதான்! எப்படித் தெரிந்தது உங்களுக்கு?

அலைமேடு | செவ்வாய், இரவு 9.55

ஜிக்பீயில் மின்சாரத்தில் ஓடும் கருவிகள் தமக்காக மட்டும் பேசுவதில்லை, மற்றவற்றின் செய்தியையும் கடத்திவிடும். பேட்டரியில் ஓடும் சென்சார் பெரும்பாலும் தூங்கும். விழிக்கும்போது தன் ‘தாய்க் கருவி’ ஒன்றிடம் மட்டும் செய்தியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். உங்கள் பின்கதவு சென்சாருக்கு அந்தப் பிளக்தான் தாய். தாயைக் கழற்றிவிட்டீர்கள். நல்ல சென்சார் வேறு தாயைத் தேடிக்கொள்ளும், சிலவற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. புது பேட்டரியால் இது தீராது.

பிளக்கைப் பழைய இடத்திலேயே மாட்டுங்கள். கதவைப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். வரவில்லை என்றால் மறுபடி இணையுங்கள், ஆனால் ஹப்புக்கு (சென்சார்கள் எல்லாம் பேசும் மையக் கருவி) பக்கத்தில் கொண்டுபோய் இணைக்காதீர்கள். கதவிலேயே வைத்து இணையுங்கள். அப்போதுதான் பக்கத்திலிருக்கும் கருவியைத் தாயாக எடுத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. சென்சார் ‘தொடர்பில் இல்லை’ என்று காட்டும் நேரம், தொடர்பு போன நேரம் அல்ல. வழக்கமாக வரும் நலச்செய்தி பல மணி நேரம் வராமல் இருந்தால்தான் ஹப் அப்படிக் குறிக்கும், சில அமைப்புகளில் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். அதுவரை செயலி ‘மூடியிருக்கிறது’ என்று பழைய செய்தியையே காட்டிக்கொண்டிருக்கும். உயிரோடு இருக்கிறதா என்று அறிய வாரம் ஒரு முறை கதவைத் திறந்து பார்ப்பதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

பேட்டரியைப் பற்றியும் ஒரு சொல். பொத்தான் பேட்டரியைச் சும்மா மீட்டரில் வைத்தால், ஓய்ந்துபோன பேட்டரிகூட 3 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். செய்தி அனுப்பும் கணத்தில்தான் துவண்டு விழும். குளிரில் இன்னும் மோசம்.

திண்ணைவிளக்கு | புதன், மாலை 7.15

சென்சார் வந்துவிட்டது. பிளக்கை மாட்டி, கதவை அடித்துத் திறந்து இருபது நிமிடத்தில். அப்பா அந்தப் பிளக்கின் மேல் ‘கழற்றக் கூடாது’ என்று காகிதம் ஒட்டிவிட்டார்.

கேமரா முழுதாகச் சரியாகவில்லை. எட்டுக் கம்பிகளையும் நீங்கள் சொன்னபடி சேர்த்தேன். நேற்று இரவு முழுவதும் அணையவில்லை. ஆனால் இருட்டிய பின் அளந்தால் 10.6தான் வருகிறது. நீங்கள் சொன்ன 11.3 வரவில்லை. போதும் என்று விட்டுவிடலாமா?

செப்புக்கம்பி | புதன், இரவு 7.40

விடாதீர்கள். கணக்குக்கும் மீட்டருக்கும் நடுவில் 0.7 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். நீங்கள் முதலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: இரண்டு ஆண்டுகள் இதே கம்பியில் ஓடிய கேமரா போன மாதம்தான் விழத் தொடங்கியது. கம்பியின் நீளம் மாறவில்லை. எதுவோ மெல்ல மெல்லக் கெட்டிருக்கிறது. வழியில் எங்கோ ஒட்டு இருக்க வேண்டும். கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போங்கள்.

திண்ணைவிளக்கு | வியாழன், காலை 10.50

கண்டுபிடித்தேன். கூரை விளிம்புக்குக் கீழே, ஓட்டின் நிழலில், கேபிள் ஓரிடத்தில் விரல் கனத்துக்குத் தடித்திருந்தது. கறுப்பு டேப். பிரித்தால் பசை உருகி நூல் நூலாக வந்தது. உள்ளே எட்டுக் கம்பிகளையும் வெறுமனே முறுக்கி விட்டிருக்கிறார்கள். செம்பு எங்கும் பச்சைப் பொடி, தொட்டால் விரலில் ஒட்டியது. இரண்டு கம்பிகள் என் கை பட்டதும் முறிந்தே போயின. டேப்பின் மடிப்பில் ஒரு சொட்டு நீர் இன்னும் நின்றது.

செப்புக்கம்பி | வியாழன், காலை 11.15

இருபுறமும் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டி எறியுங்கள். டேப் வேண்டாம். ஜெல் நிரப்பிய கிரிம்ப் (அழுத்திப் பொருத்தும்) இணைப்பிகள் கிடைக்கும், ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்று. எல்லாவற்றையும் நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, கேபிள் பெட்டிக்குள் கீழ்ப்புறமாக நுழையும்படி அமையுங்கள். நுழையும் முன் கேபிளை ஒரு சாண் தொங்கவிட்டு மேலே வளையுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும், உள்ளே வராது.

திண்ணைவிளக்கு | சனி, இரவு 10.20

வெள்ளிக்கிழமை இரவு 11.3. இன்று இரவும் 11.3. மாலை 6.35-க்கு நானும் அம்மாவும் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நிறப் படம் கறுப்பு வெள்ளையாக மாறியது. துணி காயப்போடும் கொடி, துளசிச் செடி, பின்கதவுப் படி எல்லாம் அப்படியே தெரிந்தன. 6.40 ஆயிற்று, 7 ஆயிற்று, படம் அசையாமல் நின்றது. அம்மா, “படியில் ஒரு விளக்கும் போட்டுவிடு” என்றார். நாளைக் காலை அதைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

செப்புக்கம்பி, அலைமேடு, இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

செப்புக்கம்பி | சனி, இரவு 10.45

முதல் மழைக்கு மறுநாள் மாலை, அப்பாவிடம் சொல்லி ஒரு முறை கேமரா முனையில் அளக்கச் சொல்லுங்கள். 11-க்குக் கீழே இருந்தால் எழுதுங்கள்.